வேதாசலம் ஆடாத அறுபத்தோரு ஆட்டங்கள்

போன மாதம் குரோம்பேட்டை மார்க்கெட் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தென் சென்னையின் தலைசிறந்த சென்டர் ஹாஃப், ஹாக்கி வீரர் திரு. கே. வேதாசலம் அவர்களுக்குப் பாராட்டு விழாவாம். கல்யாண மண்டபத்தில் மாலை ஆறு மணிக்கு, பொன்னாடை போர்த்தி, சாப்பாடும் உண்டாம். படத்தில் வேதாசலம் கோட்டு போட்டுக்கொண்டு, ஹாக்கி ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெண்டைக்காய் வாங்கப் போனவள் நான். வாங்காமலே திரும்பினேன். வருவதற்கு முன் நோட்டீஸை நகத்தால் சுரண்டிப் பாதி கிழித்தேன். மீதி வரவில்லை, நல்ல பசை.

வேதாசலம் தன் ஆயுளில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியது கிடையாது. அவர் பெயரில் எட்டு வருஷம் ஆடியவன் என் அண்ணன் தேவானந்தம். விழா நடந்த அன்று அவன் மேடவாக்கத்தில் புதிதாகக் கட்டுகிற ஃபிளாட்டுகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு ஏழு டிரிப். அவனைப் பற்றி எவனும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் மெட்டில்டா. தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். வயது முப்பத்து மூன்று, கோபத்துக்கு வயது கிடையாது.

எங்கள் வீடு அஸ்தினாபுரத்தில். அப்பா ஏசுபாதம், சர்ச்சில் மணி அடிப்பவர். பெஞ்சு துடைப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, கல்லறைக் குழிக்கு ஆள் பிடிப்பது எல்லாம் அவர்தான். அம்மா நான் சிறு பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பாவுக்கு உலகத்தில் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று, பாவ அறிக்கை. தட்டு உடைந்தாலும் சரி, பரீட்சையில் தோற்றாலும் சரி, மறைக்காமல் சொல்லிவிடு, மன்னிப்பு தானாக வரும் என்பார். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நின்று எல்லோரும் சேர்ந்து சொல்வோம். ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், எழுந்து நின்று பாவமன்னிப்பு கூறுவார். எங்கள் வீட்டில் அந்த வரிசை ஒரு நாளும் தப்பாது. உண்மை முதலில், மன்னிப்பு அடுத்தது. அந்த வரிசை சர்ச் வாசலுக்கு வெளியே செல்லாது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் ஹாக்கி கற்றது தாம்பரம் ரயில்வே காலனிப் பக்கத்து மைதானத்தில். செம்மண், நடுவே சரளைக் கல். பந்து எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூட டீமில் இருந்தபோதே அவனை நடுவில்தான் நிறுத்துவார்கள். சென்டர் ஹாஃப் என்றால் எதிராளி வரும்போது மறிக்க வேண்டும், பந்து கிடைத்ததும் முன்னால் நிற்கிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வேலை இரண்டு மடங்கு, கைதட்டல் பாதி. கோல் போடுகிறவனைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், பந்தைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தவன் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான். என் அண்ணனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவனுடைய இந்தக் குணத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்தொன்றில் பல்லாவரத்தில் நடந்த ஒரு போட்டியில் பொன்னுசாமி அவனைப் பார்த்தார். பொன்னுசாமி ஒரு பம்ப் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசர், ஹாக்கி டீமுக்கும் மேனேஜர். கம்பெனி பெயரை எழுதவில்லை. அந்தப் பெயரை என் கையால் அடிக்க எனக்கு இஷ்டமில்லை. மறுநாளே ஒரு டப்பா மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் ஒரு சீசன் நம்ம டீமுக்கு ஆடட்டும், அடுத்த ஏப்ரலில் வேலை நிரந்தரம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதுவரை ஆட்டத்துக்கு நாற்பது ரூபாய், பிரியாணி, வருஷத்துக்கு ஒரு ஜோடி ஷூ. இந்தப் பக்கத்தில் காசு வாங்கி ஹாக்கி ஆடிய முதல் ஆட்களில் அண்ணனும் ஒருவன் என்று தைரியமாகச் சொல்வேன். அதைச் சொல்லக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் நிபந்தனை.

ஏன் என்றால், கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் அந்த லீக்கில் ஒரு விதி இருந்தது. சம்பளப் பட்டியலில் ஒரு வருஷமாவது பெயர் இருக்கிற தொழிலாளிதான் ஆடலாம். வெளியாளைக் காசு கொடுத்து இறக்கக்கூடாது. நல்ல விதிதான். எல்லாக் கம்பெனியும் அதை ஒரே மாதிரி மீறின. பட்டியலில் இருக்கும் ஒரு ஆள் பெயரில் வெளியாளை இறக்குவார்கள். அம்பயர் கையில் போட்டோ கிடையாது, பெயர்த் தாள் மட்டும்தான். பெயரைக் கூப்பிட்டால் கை தூக்க வேண்டும், தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணனுக்குக் கொடுத்த பெயர் கே. வேதாசலம், ஸ்டோர்ஸ் கிளார்க், கோவிலம்பாக்கம்.

என் ஷார்ட்ஹேண்ட் நோட்டின் பின்பக்கத்தில் அண்ணன் அந்தக் கையெழுத்தை ஒரு வாரம் பழகினான். இதெல்லாம் என்ன என்று கேட்டேன். ஒரு சீசனுக்குத்தானே, ஏப்ரலில் சொந்தப் பெயர் வந்துவிடும் என்றான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை போட்டிருப்பான். ஆட்டத்துக்கு அதைக் கழற்றி ஷூவுக்குள் வைத்துக்கொள்வான். பொன்னுசாமி தன் சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவன் நெற்றியில் தானே பூசுவார். விபூதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எங்கள் தெருவில் பாதிப் பேர் பூசுகிறவர்கள்தான். ஒரு மனிதன் நெற்றியைத் தன் வீட்டுச் சுவர் மாதிரி நினைத்துப் பூசினாரே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

இதில் வேதாசலத்தின் பாடு தனிக் கதை. ஆட்டம் உள்ள நாளில் அவர் பெயர் மைதானத்தில் இருப்பதால் அவர் கம்பெனியில் இருக்கக்கூடாது. மைதானத்திலும் தலை காட்டக்கூடாது. வீட்டுக்கும் போக முடியாது, ஏனென்றால் பெண்டாட்டி தனத்திடம் தான்தான் ஆடுகிறேன் என்று சொல்லி வைத்திருந்தார். எனவே ஸ்டிக்கும் கையுமாகக் கிளம்பி, பல்லாவரம் ஸ்டேஷன் பெஞ்சில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிற ரயிலை எண்ணிக்கொண்டிருப்பார். ஐந்தரை மணிக்கு முட்டியில் கொஞ்சம் மண் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். இதை அவரே அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். விளையாட்டில் சாதித்ததற்காக அவருக்குத் தனி இன்கிரிமென்ட் வேறு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அண்ணனைப் பார்த்தால் தம்பி தம்பி என்று உருகுவார், சோடா வாங்கிக் கொடுப்பார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி என்று சொன்னால் அண்ணன் என்னை அடிக்க வருவான்.

எண்பத்து நாலில் பம்ப் கம்பெனி லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அப்பா அதுவரை ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. பெயர் விஷயமும் அவருக்குத் தெரியாது, நாங்கள் சொல்லவில்லை. அன்று யாரிடமும் சொல்லாமல் சர்ச் வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடித்துப் போய் நின்றிருக்கிறார். அண்ணன் அன்று ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள், என்ன, வேதாசலம் ஆடியதாகப் பேசுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்தபோது பாதி மைதானம் பந்தை உருட்டிக்கொண்டே போய் ஒரு பெனால்டி கார்னர் வாங்கினான். அதை அவனே அடித்துக் கோலாக்கினான். ஒலிபெருக்கியில் வேதாசலம், வேதாசலம் என்று கத்தினார்கள். அப்பா பக்கத்திலிருந்தவரிடம் அது யார் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் கை நீட்டிக் காட்டிய இடத்தில் தன் பிள்ளை விபூதிப் பட்டையோடு நின்றிருக்கிறான்.

அப்பா இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

"தேவானந்தம்னு உனக்குப் பேர் வச்சது நான். அத எங்க கழட்டி வச்சிட்டுப் போற கிரவுண்டுக்கு?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆட்டத்துக்கு மறுநாளே பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரி வந்திருந்தது. வேதாசலத்தின் அபார ஆட்டத்தால் பம்ப் கம்பெனி கோப்பையை வென்றது என்று. அதைக் கத்தரித்து வைக்கலாமா, வேண்டாமா என்று தெரியாமல் நான் அந்தப் பேப்பரை மடித்து அலமாரிக்கு அடியில் விரித்தேன்.

ஏப்ரல்கள் வந்தன, போயின. எண்பத்தைந்து ஏப்ரலில் அண்ணன் வாயைத் திறந்து பொன்னுசாமியிடம் வேலையைக் கேட்டான். வருஷக்கணக்காக அவர் சொன்ன சாக்குகளை நான் எழுதப் போவதில்லை, அரைத்த மாவு அது. ஆனால் அன்று ஒரே ஒரு தரம் உண்மையைச் சொன்னார். அந்த ஆள் வாழ்க்கையில் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"நீ சுமாரா ஆடியிருந்தா என்னிக்கோ எடுத்திருப்பேன்ப்பா. லீக் பூரா உன் மூஞ்சிய வேதாசலம்னு தெரிஞ்சு வச்சிருக்கான். நாளைக்கு உன்னை எடுத்து தேவானந்தம்னு ஷீட்ல போட்டா எதிர் டீம்காரன் சும்மா விடுவானா? ஜெயிச்ச கப்பெல்லாம் திருப்பிக் கேப்பான்."

அண்ணன் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது அவன் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது. லீக் பூரா தன் முகம் தெரியும் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை வீசினேன், அது சுவரில் பட்டது. நன்றாக ஆடியதற்குத் தண்டனை, அதுவும் நன்றாக ஆட ஆடக் கூடிக்கொண்டே போகிற தண்டனை. அன்றைக்கே நிறுத்தித் தொலை என்றேன். நிறுத்தினால் வேறு எங்கே ஆடுவது என்று கேட்டான். கேள்வி நியாயமானது. மற்ற எந்த டீமுக்குப் போனாலும் முகம் வேதாசலம். ஒரு முகத்துக்கு லீக்கில் இரண்டு பெயர் கிடையாது. பகலில் லாரி ஷெட்டில் கிளீனர் வேலை, ஆட்டம் உள்ள நாளில் வேதாசலம். இப்படியே இன்னும் நாலு வருஷம் ஓடியது.

எண்பத்தொன்பது மே மாதம் ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்று விளம்பரம் வந்தது. வயது வரம்பு இருபத்தெட்டு. அண்ணனுக்கு ஆகஸ்டில் இருபத்தெட்டு முடிகிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. இதை விட்டால் இனி எந்த ஒதுக்கீடும் அவனைத் தொடாது. ஜூனில் தேர்வு ஆட்டம் வைத்தார்கள். அறுபது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் அவனைவிட எட்டு வயது சின்னவர்கள். அண்ணன் அவர்களை நிற்க வைத்து ஆடினான். முடிந்ததும் தேர்வாளர் ஒருவர் தோளில் தட்டி, நீ பம்ப் கம்பெனி வேதாசலம்தானே, அங்கே நிரந்தர வேலையை வைத்துக்கொண்டு இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டிருக்கிறார். இவன் இல்லை சார், என் பெயர் தேவானந்தம் என்றிருக்கிறான். அப்படியானால் லீக் அளவில் ஆடியதற்குத் தேவானந்தம் என்ற பெயரில் ஒரு சான்றிதழ் கொண்டு வா, வேலை உனக்குத்தான் என்றார் அவர். பள்ளிக்கூடச் சான்றிதழ் செல்லாது. ஒரே ஒரு காகிதம்தான் தேவை.

பொன்னுசாமியிடம் போனோம். நானும் கூடவே போனேன். இவன்தான் எங்கள் டீமில் ஆடினான் என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றோம். அவர் என்னைப் பார்த்து, படித்த பெண் நீ, இப்படிக் கேட்கலாமா, எழுதினால் என் வேலை என்ன ஆவது என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தோம். அண்ணன் போகும்போது அவருக்கு வணக்கம் வேறு வைத்தான்.

பிறகு கோவிலம்பாக்கம். வேதாசலம் சின்னதாக ஒரு காங்கிரீட் வீடு கட்டியிருந்தார். கூடத்தில் கண்ணாடி அலமாரி, அதில் சின்னச் சின்ன வெள்ளிக் கோப்பைகள். எல்லாம் அண்ணன் வாங்கியவை. வேதாசலம் கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தார். தனம் எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நல்ல பெண், வெகுளி. ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்த்து விடுவேன், இவ்வளவு ஓடினாலும் உடம்பு ஏன்தான் இளைக்கவில்லையோ என்று அங்கலாய்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்களும் அவரு டீமாண்ணா? எந்த எடத்துல ஆடுவீங்க?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் காலை மிதித்தான்.

"நான் சும்மா, எக்ஸ்ட்ரா ஆளு" என்றான்.

அந்த நிமிஷம் அங்கே இருந்த கண்ணாடி அலமாரியைத் தள்ளிவிடாமல் வந்ததற்கு நான் இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை. வேதாசலம் தலை துவட்டிக்கொண்டே வந்தவர் எங்களைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். அங்கே வைத்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சொல்லிட்டினா என் வேல பூடும். கம்பெனிய வுடு, வூட்ல அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீது."

அண்ணன் தலையை ஆட்டினான். பஸ்ஸில் வரும்போது, வேண்டாம் மெட்டில்டா, விட்டுவிடு என்றான். நான் விடவில்லை. இங்கேதான் நான் என்னையும் சேர்த்துத் திட்ட வேண்டியிருக்கிறது. லீக் கமிட்டிக்கு நேராக எழுதுவோம், நடந்ததை நடந்தபடி சொல்வோம், உண்மையைச் சொன்னவனை யார் தண்டிப்பார்கள் என்று சொன்னவள் நான். அப்பா அதைக் கேட்டு எழுந்து நின்றார். ஐந்து வருஷமாக அவர் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. அறிக்கை செய்துவிடு, எல்லாம் சரியாகும் என்றார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, நாங்கள் மூன்று பேரும் ஜெபம் பண்ணிவிட்டு வைத்துக்கொண்டோம்.

புத்தியுள்ளவன் எழுதினால் நாலு வரி எழுதியிருப்பான். நாங்கள் எழுதியது பாவ அறிக்கை, அதனால் ஒன்றையும் விடக்கூடாது. எந்தத் தேதி, எந்த மைதானம், யாரோடு ஆட்டம் என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, வீட்டிலிருந்த பழைய டைப்ரைட்டரில் நான் அடித்தேன். ஒரு ஆட்டம்கூட அவனுக்கு மறக்கவில்லை. மொத்தம் அறுபத்தொன்று. கையெழுத்துப் போட்டது நான்தான், காசு வாங்கியதும் நான்தான் என்று தெளிவாகச் சொன்னான். பொன்னுசாமியின் வாக்குறுதியைச் சேர்க்கச் சொன்னேன். அது நம் தப்பு இல்லையே, அடுத்தவர் தப்பை நாம் ஏன் அறிக்கை செய்ய வேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார். வேதாசலம் மீது எந்தக் குற்றமும் இல்லை என்று கடைசியில் ஒரு வரி போடு என்றான் அண்ணன். போட்டேன். மூன்று கார்பன் பிரதி. கமிட்டிக்கு எங்கள் கையாலேயே கத்தியைத் தீட்டி, கைப்பிடியைத் துடைத்து அனுப்பினோம்.

ஜூலை நடுவில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். ஐந்து பேரும் வேறு ஐந்து கம்பெனி டீம்களின் மேனேஜர்கள். ஒவ்வொருவர் டீமிலும் ஒரு தேவானந்தமாவது இருந்தான். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு திறந்தே இருந்தது. பொன்னுசாமி எழுந்து, இந்த ஆள் என்னிடம் தன் பெயர் வேதாசலம் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான் என்றார். பத்து வருஷமாகத் தன் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்கை வெல்ஃபேர் ஆபீசருக்கு அடையாளம் தெரியாதாம். ஐந்து பேரும் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. வேதாசலத்தைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, என் பெயரில் ஆடியது எனக்குத் தெரியவே தெரியாது என்றார். அப்படியானால் எட்டு வருஷம் விளையாட்டுக்காக இன்கிரிமென்ட் வாங்கினீர்களே, அது எதற்கு என்று கேட்க அந்த அறையில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

அண்ணனைக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டாயா, போட்டேன். காசு வாங்கினாயா, வாங்கினேன். விதி தெரியுமா, தெரியும். முழங்காலில் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வந்தபோது அவன் முகம் தெளிவாக இருந்தது. நல்லபடியாகக் கேட்டார்கள் மெட்டில்டா, சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள் என்றான். அப்பா அந்த வாரம் முழுக்க மணியைக் கொஞ்சம் அதிகமாகவே அடித்தார்.

ஜூலை இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, பதிவுத் தபால் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். அஸ்தினாபுரம், ஏசுபாதம் மகன் தேவானந்தம் என்பவர் 1981 முதல் 1989 வரை மேற்படி லீக்கில் அறுபத்தோரு ஆட்டங்களில் சென்டர் ஹாஃபாக ஆள்மாறாட்டம் செய்து விளையாடியது அவரது வாக்குமூலத்தாலேயே உறுதியானபடியால், பதிவு பெற்ற எந்தப் போட்டியிலும் விளையாட அவருக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்படுகிறது. முடிந்துபோன போட்டிகளின் முடிவுகளிலும் பதிவேடுகளிலும் மாற்றம் ஏதும் செய்யப்படாது. சம்பந்தப்பட்ட நிறுவனம் இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறது. கீழே வட்டமாக ஒரு சீல், தலைவர் கையெழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் கத்தினேன். தெருவே எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஐந்து பேரின் பெயரையும் சொல்லி நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றினேன். அப்பா என் வாயைப் பொத்த வந்தவர், பாதியில் நின்று சுவரோடு உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அம்மா செத்த நாளும் அந்த நாளும்தான். மன்னிப்பு வரவில்லையே, வரவில்லையே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் மட்டும் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு முறை படித்தான். பிறகு இன்னொரு முறை, விரலை வரிக்கு வரி வைத்துப் படித்தான். உள்ளே வந்து, டைப்ரைட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்தான்.

"அப்ளிகேஷன் அடி மெட்டில்டா. திங்கக்கெழம கடைசி நாளு."

என்ன சான்றிதழை வைத்து என்று கேட்டேன். கையிலிருந்ததை நீட்டினான். உனக்குப் பைத்தியமா, இது தடைக் கடிதம், இதைப் போய் வேலைக்கு வைப்பாயா என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, வரியைக் காட்டி மெதுவாகச் சொன்னான்.

"தட இனிமேத்தானே? ஆடுனது ஆடுனதுதான். எம் பேரு, அப்பா பேரு, சென்டர் ஹாஃபு, அறுபத்தோரு மேட்ச்சு, எல்லாம் கரெக்டா போட்டு சீல் வச்சுக் குடுத்துகீறாங்க. நான் ஆடுனேன்னு வேற எவன் எழுதிக் குடுத்தான் இதுவரைக்கும்?"

 எட்டு வருஷத்தில் அப்படி ஒரு காகிதம் வேறு இல்லைதான். உட்கார்ந்து அடித்தேன். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, படிப்பு. கீழே இணைப்புகள் என்று போட்டு, ஒன்று பிறப்புச் சான்றிதழ், இரண்டு பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் அந்தக் கடிதத்தின் மடிப்பை உள்ளங்கையால் நீவிச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். மூன்று, விளையாட்டுச் சான்றிதழ் என்று நான்தான் அடித்தேன்.